யாரோடு பேசப் போகிறேன் என்று முதலிலேயே யோசித்திருக்க வேண்டும்

எந்த அயல்மொழி பேச ஆசை என்று யாரைக் கேட்டாலும் உடனே பதில் வந்துவிடும். காதுக்கு இனிமையாக இருக்கிறது என்று பிரெஞ்சைச் சொல்வார்கள். வேலை கிடைக்கும் என்று ஜெர்மன், இருபது நாடுகளில் செல்லுபடியாகும் என்று ஸ்பானிஷ், தொடர்களைத் துணைவரிகள் இல்லாமல் பார்க்கலாம் என்று கொரியன். நானும் இப்படித்தான் பதில்களை வைத்திருந்தேன். அந்தப் பதில்களை நம்பி இறங்கியதில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளும் நான்கு மாதச் சம்பளமும் போயின. அப்போது என்னை உட்கார வைத்து விவரம் சொல்ல யாரும் இல்லை. அதனால்தான் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். இப்போது ஏதோ ஒரு மொழி வகுப்பில் சேரலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் யாருக்காவது இது உதவினால் போதும்.

முதலில் பிரெஞ்சு. அதன் ஓசை பிடித்திருந்தது, வேறு காரணம் எதுவும் இல்லை. கைப்பேசிச் செயலி ஒன்றில் தொடங்கினேன். தினமும் இருபது நிமிடம், ஒரு நாள் கூட விடாமல் எட்டு மாதம். 240 நாள் தொடர்ச்சியாகப் படித்திருக்கிறீர்கள் என்று திரையில் தீச்சுடர் படம் வரும்போதெல்லாம் பெருமையாக இருக்கும். ஒரு நாள், உண்மையான பிரெஞ்சுக்காரர் ஒருவர் தொலைபேசி எண் சொல்லும் ஒலிப்பதிவைக் கேட்டேன். அவர்கள் எண்களை இரண்டு இரண்டாகச் சேர்த்துச் சொல்வார்கள். பிரெஞ்சில் 97 என்பது நான்கு இருபது, பத்து, ஏழு. ‘காத்ர்’ என்று கேட்டவுடன் நான் 4 என்று எழுதினேன், அடுத்து 20, அதற்குள் அவர் மூன்றாவது ஜோடிக்குப் போய்விட்டார். ஏழெட்டு முறை திரும்பக் கேட்டும் அந்த ஒரு எண்ணை முழுதாக எழுத முடியவில்லை. (பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் 90-க்கு ‘நொனாந்த்’ என்று தனிச்சொல்லே இருக்கிறது என்பது பிறகு தெரிந்தது. அதைக் கேட்டு அன்று ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.) எட்டு மாதமாக நான் பழகியது நான்கு விடைகளில் சரியானதைத் தொடுவதற்கு. காதும் வாயும் அதில் சேரவே இல்லை. செயலியைக் குறை சொல்ல மாட்டேன், தொடங்குவதற்கு அது நல்ல வழிதான். ஆனால் தொடர்ச்சியாக எத்தனை நாள் படித்தோம் என்ற கணக்கை நாம் கற்ற அளவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மாதம் ஒரு முறை, அந்த மொழிக்காரர்கள் தங்களுக்குள் பேசும் ஒரு நிமிட ஒலிப்பதிவைக் கேட்டு, புரிந்ததை எழுதிப் பாருங்கள். உண்மை நிலவரம் அதில் தெரிந்துவிடும்.

அடுத்தது ஜெர்மன். பெரிய இழப்பு இதில்தான். பிரெஞ்சை விட்ட சோர்வில் இருந்தபோது உடன் வேலை செய்யும் ஒருவர், “ஓசையெல்லாம் பார்த்து மொழி படிக்க முடியுமா? பயன் இருக்கிற மொழியைப் படிங்க” என்றார். நியாயமாகத்தான் பட்டது. ஒரு பயிற்சி மையத்தில் விசாரித்தேன். மூன்றே மாதத்தில், சனி ஞாயிறு மட்டும் வந்தால் போதும், ஏ1, ஏ2 தாண்டி பி1 என்ற மூன்றாம் நிலை வரை கொண்டுபோய் விடுவோம் என்றார்கள். மூன்று நிலைக்கும் சேர்த்து ஒரே தடவையாகக் கட்டினால் கட்டணத்தில் தள்ளுபடி. இரண்டு மாதச் சம்பளத்தை அப்படியே கட்டினேன். நடுவில் நின்றால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்கக்கூட இல்லை. கிடைக்காது என்பது ரசீதின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது.

அன்று நான் போட்டிருக்க வேண்டிய ஒரு கணக்கை இங்கே போட்டுக் காட்டுகிறேன். மொழித்திறனை ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு நிலைகளாகப் பிரிக்கும் ஐரோப்பியப் பொது அளவுகோல் 2001-இல் வெளிவந்தது. பி1 என்றால் அன்றாட விஷயங்களைத் தானாகச் சமாளித்துப் பேசும் நிலை. ஜெர்மன் தேர்வுகளை நடத்தும் கோதே நிறுவனமே, பி1 நிலைக்கு வர 45 நிமிட வகுப்புகள் 350 முதல் 650 வரை தேவைப்படலாம் என்கிறது. எனக்குக் கிடைத்தது எவ்வளவு? பதின்மூன்று வாரம், வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம். மொத்தம் 52 மணி நேரம், அதாவது 45 நிமிட வகுப்பாகப் பார்த்தால் 69. ஏ1-க்கே குறைந்தது 80 வகுப்பு வேண்டும் என்று அதே நிறுவனம் சொல்கிறது. ஐந்து நிமிடத்தில் போட்டிருக்கக்கூடிய கணக்கு இது. எங்கே சேர்வதாக இருந்தாலும் ‘எத்தனை மாதம்’ என்று கேட்காதீர்கள், ‘மொத்தம் எத்தனை மணி நேரம்’ என்று கேளுங்கள். பணத்தை ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியாகக் கட்டுங்கள், தள்ளுபடி போனாலும் போகட்டும். அப்புறம், டெமோ கிளாஸை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அங்கே ஏற்கெனவே பி1 படித்துக்கொண்டிருக்கும் பேட்சில் ஒரு மணி நேரம் பின் வரிசையில் உட்கார அனுமதி கேளுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் மாணவர்கள் எத்தனை நிமிடம் வாய் திறந்து பேசுகிறார்கள் என்று மட்டும் கவனித்தால் போதும். எங்கள் பேட்சில் முப்பது பேர். ஆசிரியர் இலக்கணம் விளக்குவார், நாங்கள் எழுதிக்கொள்வோம். ஒரு வாரம் முழுவதும் நான் ஒரு வாக்கியம்கூடப் பேசாமல் வீடு திரும்பியிருக்கிறேன்.

மூன்று மாதம் முடிந்ததும் ஏ1 நிலைகூடச் சரியாக வரவில்லை என்பது எனக்கே தெரிந்தது. விட மனமில்லை. தனி வகுப்பு, புத்தகங்கள், மாதிரித் தேர்வுகள் என்று இன்னும் பத்து மாதம் செலவழித்தேன். அலுவலகம் முடிந்து இரவு பதினொரு மணி வரை படிப்பேன். ‘டேர், டீ, டாஸ்’ என்று பெயர்ச்சொல்லின் பால் வகையை மனப்பாடம் செய்வேன். ஜெர்மனில் சிறுமி என்ற சொல் அஃறிணைப் பால், கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால். அர்த்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க வழி குறைவு, சொல்லோடு சேர்த்தே பாலையும் மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். கடைசியில் பி1 தேர்வுக்குப் பணம் கட்டினேன்.

அந்தத் தேர்வில் வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு என்று நான்கு பகுதிகள். ஒவ்வொன்றிலும் 100-க்கு 60 வாங்க வேண்டும். பேச்சுத் தேர்வை, தேர்வுக்கு வந்த இன்னொருவரோடு ஜோடியாக எழுத வேண்டும், அதாவது பேச வேண்டும். முன்னதாகத் தயார்செய்துகொள்ள பதினைந்து நிமிடம் தருவார்கள். அந்தப் பதினைந்து நிமிடமும் என் விரல்கள் குறிப்புத் தாளின் மூலையை மடிப்பதும் பிரிப்பதுமாகவே இருந்தன. உள்ளே போனதும், இருவரும் சேர்ந்து ஒரு நிகழ்ச்சியைத் திட்டமிட வேண்டும் என்பது முதல் பகுதி. என்னோடு வந்த பையன், சனிக்கிழமை நீங்கள் ஏன் வர முடியாது என்று கேட்டான். எனக்கு நேரம் இல்லாததால் என்று சொன்னால் முடிந்தது. ‘வைல் இஷ் கைனெ ட்சைட் ஹாபெ’. ‘வைல்’ (ஏனென்றால்) வந்தால் ‘ஹாபெ’ போன்ற வினைச்சொல் வாக்கியத்தின் கடைசிக்குப் போக வேண்டும் என்ற விதியை நூறு முறை எழுதிப் பார்த்தவள் நான். அந்த நேரத்தில் மனத்தில் முதலில் ஆங்கில வாக்கியம் வந்தது. அதைச் சொல் சொல்லாக மாற்றத் தொடங்கினேன். ‘வைல் இஷ் ஹாபெ’ என்று சொல்லிவிட்டேன். தப்பு என்று உடனே தெரிந்தது. திரும்பவும் ‘வைல் இஷ்’. அங்கேயே நின்றுவிட்டேன். அந்தப் பையன் பென்சிலைப் பிடித்தபடி எனக்காகக் காத்திருந்தான். அவன் முகத்தில் தெரிந்த பதற்றம் எனக்காகவா, அவனுடைய மதிப்பெண்ணுக்காகவா தெரியாது. இப்போது நினைத்தாலும் அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போல இருக்கிறது.

மூன்று பகுதிகளில் தேறினேன், பேச்சில் போனது. இங்கேதான் இன்னொரு அடி. “மறுபடி முழுத் தேர்வும் எழுதுங்க” என்று பயிற்சி மையத்தில் சொன்னார்கள். நானும் முழுக் கட்டணத்தையும் கட்டினேன். அந்த நான்கு பகுதிகளும் தனித்தனி மாட்யூல்கள், தவறியதை மட்டும் மறுபடி எழுதலாம் என்பது தேர்வு நடத்துபவர்களின் விதிகளிலேயே இருக்கிறது. இது தெரிந்தபோது தேர்வுத் தேதி நெருங்கிவிட்டது. தேர்வுக்கு முந்தின நாள் இரவு காய்ச்சல் வந்தது, போகவில்லை. உண்மையில் காய்ச்சல் இல்லாவிட்டாலும் போயிருப்பேனா என்று சந்தேகம்தான். அதற்குப் பிறகு ஆறு மாதம் அந்தப் புத்தகங்களை நான் தொடவே இல்லை. யாராவது ஜெர்மன் எப்படிப் போகிறது என்று கேட்டால் அறையை விட்டு வெளியே போய்விடுவேன். எந்தத் தேர்வாக இருந்தாலும், வகுப்பில் சேரும் முன்பே அதை நடத்தும் நிறுவனத்தின் இணையதளத்துக்குப் போய் மாதிரி வினாத்தாளையும் விதிகளையும் நீங்களே படித்துவிடுங்கள். இலவசமாகவே கிடைக்கும். இடையில் இருக்கும் பயிற்சி மையங்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம்.

இந்த நிலையில் அண்ணன் மகள் விடுமுறைக்கு வந்தாள். கொரியன் தொடர்களைப் பார்த்துப் பார்த்தே கற்றவள். எந்த வகுப்புக்கும் போகவில்லை, சான்றிதழ் எதுவும் இல்லை. கொரியாவில் இருக்கும் ஒரு தோழியோடு கைப்பேசியில் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அத்தை, நீங்க ஜெர்மன்ல யார்கிட்ட பேசப் போறீங்க?” என்றாள். பதில் சொல்ல வாயெடுத்தேன். ஒரு பெயர்கூட வரவில்லை. அங்கே போய் வேலை பார்க்கும் எண்ணமும் எனக்கு இருந்ததில்லை. இரண்டு வருடத்தில் இந்தக் கேள்வியை நான் என்னையே கேட்டுக்கொண்டதில்லை. பிறகு அவள் மேசை மீது வரிசையாக நின்ற காகிதக் கொக்குகளைக் காட்டினாள். “இதை மடிக்கிறவங்க பேசுற மொழியைப் படிக்கலாமே.”

காகிதம் மடிப்பது எனக்குப் பதினைந்து வருடப் பழக்கம். ஜப்பானியர்கள் பதிவேற்றும் காணொளிகளை மொழி புரியாமலேயே பார்த்து மடிப்பேன். அப்படியிருந்தும் ஜப்பானியம் படிக்கலாம் என்று தோன்றாததற்கு ஒரு பட்டியல்தான் காரணம். அமெரிக்காவில் தூதரக அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்கும் ஓர் அரசு நிறுவனம் இருக்கிறது. ஸ்பானிஷ், பிரெஞ்சுக்கு 24 முதல் 30 வாரம், ஜெர்மனுக்கு 36 வாரம், ஜப்பானியம், கொரியன், சீனம், அரபு ஆகியவற்றுக்கு 88 வாரம், அதாவது 2,200 வகுப்பு மணி நேரம் என்று அதன் பட்டியல் சொல்லும். மொழி படிக்க நினைக்கும் எல்லார் கண்ணிலும் இது படும், எல்லாரையும் பயமுறுத்தும். நான் கவனிக்காமல் விட்டது ஒன்று: அது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கான கணக்கு. தமிழ் பேசுபவர்களை வைத்து யாரும் அதைப் போடவில்லை.

இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் யாராவது எனக்கு முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று இன்றும் நினைக்கிறேன். ‘நான் புத்தகத்தைப் படித்தேன்’ என்பது ஜப்பானியத்தில் ‘வதஷி வா ஹொன் ஓ யொமிமஷிதா’. நான், புத்தகம், ஐ வேற்றுமை, படித்தேன். அதே வரிசை. நம் உருபுகள் போலவே அவர்களுடையதும் பெயருக்குப் பின்னால் வரும். ‘வருவார் என்று நினைக்கிறேன்’ என்பதில் இருக்கும் ‘என்று’ அங்கே ‘தோ’: ‘குரு தோ ஒமோவு’. நாம் ‘படித்துப் பார்’, ‘செய்து பார்’ என்று சொல்கிறோமே, அவர்களும் முயன்று பார்ப்பதைச் சொல்ல ‘யோந்தே மிரு’, ‘ஷிதே மிரு’ என்கிறார்கள். ‘மிரு’ என்றால் பார். ஆங்கிலம் வழியாக விளக்கும் பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு பக்கம் விளக்கம் இருக்கும். தமிழில் அரை நொடியில் புரிந்துவிடும். அவர்களுடைய அசையெழுத்து அட்டவணை அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கி க வரிசை, ச வரிசை, த வரிசை, ந வரிசை என்று போகும். புத்த சமயத்தோடு போன வடமொழி எழுத்தறிவின் தாக்கம் அது. ஒரிகமி என்ற சொல்லையே பாருங்கள். ‘ஒரி’ மடிப்பு, ‘கமி’ காகிதம். தனியாக வரும்போது வல்லோசையாக இருக்கும் ‘க’, கூட்டுச்சொல்லின் நடுவில் மெலிந்து ஒலிக்கும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வேறு வேறு எழுத்துப் போட வேண்டும். தமிழில் கல்லுக்கும் மகனுக்கும் ஒரே ‘க’ தான் எழுதுகிறோம், வாய் தானாக மாற்றிக்கொள்கிறது. இதை வைத்து இரண்டும் ஒரே குடும்பம் என்று சொல்லிவிட முடியாது. ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ அப்படிச் சொன்னார், பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. எனக்கு உறவு முக்கியமில்லை. வாக்கியத்தை ஆங்கிலத்தில் அமைத்து மாற்ற வேண்டியதில்லை என்பது போதும். ஜெர்மன் தேர்வறையில் நான் தடுக்கி விழுந்த இடமும் இதேதான். ‘எனக்கு நேரம் இல்லாததால்’ என்று தமிழில் நினைத்திருந்தால், காரணத்தின் வினை கடைசியில்தான் வரும் என்பது இயல்பாகவே வந்திருக்கும்.

இதைக் கேட்டு எல்லாரும் ஜப்பானியத்துக்குப் போக வேண்டாம். சீனத்திலிருந்து வந்த ‘காஞ்சி’ எழுத்துகள் உண்மையிலேயே மலை. அன்றாடப் பயன்பாட்டுக்கென்று 2010-இல் வெளியான அரசுப் பட்டியலிலேயே 2,136 இருக்கின்றன, நான் இதுவரை அறுநூறைத்தான் தாண்டியிருக்கிறேன். அரபு படிக்க நினைப்பவர்களுக்கு, எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் வேறு என்பது பலரை மிரட்டும். நமக்கு அது பிறந்ததிலிருந்தே பழக்கம், ஆனால் எந்த நாட்டுப் பேச்சு வழக்கு வேண்டும் என்பதை முதல் நாளே முடிவு செய்துகொள்ள வேண்டும். கொரியன் அடிப்படை எழுத்துகள் இன்று 24 தான், 15-ஆம் நூற்றாண்டில் மன்னர் சேஜோங் உருவாக்கிய எழுத்துமுறை அது, ஒரு வாரத்தில் வாசிக்கப் பழகிவிடலாம். எந்த மொழியானாலும், ‘அடுத்த மாதம் இந்த மொழியில் நான் யாரிடம் ஒரு வாக்கியம் பேசுவேன்’ என்பதற்கு ஒரு பெயர் அல்லது ஓர் இடம் சொல்ல முடிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஜப்பானியத்தை நான் படித்த விதமும் வேறு. சொற்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்வதை விட்டேன், நான் உண்மையில் சொல்லப்போகும் வாக்கியங்களை மட்டும் அட்டையில் எழுதினேன். ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் 1885-இலேயே தன்னைத்தானே சோதித்துக் காட்டியிருக்கிறார், படித்ததில் பெரும்பகுதி முதல் நாளிலேயே மறந்துபோகும் என்று. அதனால் மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து என்று இடைவெளி விட்டு அதே அட்டையை எடுப்பேன். மூன்று மணி நேரம் தொடர்ந்து உட்கார்ந்ததைவிட இது அதிகம் நின்றது. தினமும் பத்து நிமிடம் காகிதம் மடித்துக்கொண்டே, செய்வதை வாய்விட்டுச் சொல்லிப் பதிவு செய்வேன். முதல் மாதப் பதிவுகளைக் கேட்கவே கூச்சமாக இருந்தது, ஆனால் அழிக்கவில்லை. ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித்திறன் தேர்வில் என்5, என்4 என்ற முதல் இரண்டு நிலைகளும் தேறினேன். ஆனால் அந்தத் தேர்வில் பேச்சுப் பகுதியே கிடையாது, கட்டுரை எழுதுவதும் கிடையாது, சரியான விடையைத் தேர்ந்தெடுப்பதுதான். அதை மட்டும் குறிவைத்திருந்தால் பிரெஞ்சுக் கதையே திரும்ப நடந்திருக்கும். அதனால் என்5 எழுதும் முன்பே, காணொளியில் சந்திக்கும் ஒரு மடிப்புக் குழுவில் சேர்ந்துவிட்டேன். முதல் நான்கு சந்திப்புகளில் வணக்கம் தவிர எதுவும் பேசவில்லை. பயம் போகவில்லை, பயத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

ஐந்தாவது சந்திப்பில் தவளை மடித்தோம். என்னுடைய கால் பகுதி தப்பாக நின்றது. குழுவில் வயதில் மூத்த அம்மா ஒருவர் கேமராவுக்குப் பக்கத்தில் குனிந்து என் காகிதத்தைப் பார்த்தார். “யமா? தானி?” என்று கேட்டார். மலை மடிப்பா, பள்ளத்தாக்கு மடிப்பா என்கிறார். அந்த இரண்டு சொற்களும் வரைபடங்களிலிருந்து பதினைந்து வருடமாக எனக்குத் தெரியும், அவை கேள்வியாக என்னை நோக்கி வருவது அன்றுதான் முதல் தடவை. “தானி தெஸ்” என்றேன். அவர் தலையை ஆட்டி, இல்லை, யமா என்று தன் காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். அப்புறம் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு, “யத்தே மிதே” என்றார். செய்து பாருங்கள். மனத்தில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. மடிப்பைப் பிரித்து, நகத்தால் கோட்டை அழுத்தி, மறுபக்கமாக மடித்தேன்.